மருந்துப்போலியும் ஒரு பரவாயில்லையும்

நான் பத்திரம் எழுதுகிறவள். மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் என் மேஜை. கிரயம், தானம், பாகப்பிரிவினை, உயில் என்று எது வந்தாலும் எழுதுவேன். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் அடித்துவிடுகிறோம் என்றாலும், பத்திரத்தின் கடைசியில் 'எழுதியவர்' என்ற இடத்தில் உரிமம் உள்ளவர் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே வாங்குவார்கள். அந்தக் கையெழுத்துதான் என் பிழைப்பு. முழுப் பெயரையும் தமிழில் எழுதி, கடைசி எழுத்தின் வாலை இழுத்துப் பெயருக்கு அடியில் ஒரே கோடாக விடுவேன். வாலைப் பார்த்தே 'இது அந்த அம்மா எழுதுனது' என்று ஊரில் சொல்வார்கள். கர்வமாகச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். கர்வம்தான்.

ஐம்பதைத் தாண்டிய வருடம், ஒரு நாள் காலையில் பேனா மூடியைக் கழற்ற முடியவில்லை. விரல்கள் எல்லாம் வீங்கி, மடக்க வராமல் நின்றன. பத்து மணிக்கு மேல் கொஞ்சம் இளகின. மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. பதிவு அலுவலக வாசலில் எனக்கு வைத்தியம் சொல்லாத ஆள் பாக்கியில்லை. முத்திரைத்தாள் விற்பவர் முடக்கத்தான் கீரை தோசை என்றார். சாட்சிக் கையெழுத்துப் போடுவதற்கென்றே தினமும் வந்து உட்கார்ந்திருக்கும் ஒருவர், 'எல்லாம் வாயு' என்று தீர்ப்புச் சொல்லி, என் வீட்டு உருளைக்கிழங்கையும் கொண்டைக்கடலையையும் ஜப்தி செய்தார். சார்பதிவாளர் படித்தவர் என்பதால் வைட்டமின் என்றார். ஒருத்தரையும் மனம் நோகவைக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் செய்தேன். தோசைக்கல் தேய்ந்ததுதான் மிச்சம்.

என் வீட்டுக்காரர் வேளாங்கண்ணிக்குப் போய் எண்ணெய் வாங்கிவந்தார். நாகூருக்குப் போய்ச் சந்தனம் வாங்கிவந்தார். காலையில் எண்ணெய், மாலையில் சந்தனம் என்று இரண்டு சாமிக்கும் நேரம் பிரித்துக் கொடுத்தேன். அந்த இரண்டு இடத்திலும் ஒரு சௌகரியம் உண்டு. உன் வலி பத்துக்கு எத்தனை என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

கடைசியில் கையெழுத்தே கோணத் தொடங்கியபோதுதான் பயம் வந்தது. பஸ் ஏறித் தஞ்சாவூர் போனேன். அங்கே ஒரு மருத்துவமனையில் மூட்டு நோய்க்கென்றே தனிப் பிரிவு இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். பெரிய டாக்டர் என் இரண்டு கைகளையும் பிடித்து, ஒவ்வொரு கணுவாக அழுத்திப் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். சுற்றி நாலைந்து மருத்துவ மாணவர்கள் நோட்டுப் புத்தகத்தோடு நின்றார்கள்.

"இது ருமடாய்டு. முடக்குவாதம்னு சொல்வாங்க. நம்ம உடம்புக்குள்ள ஒரு காவல் படை இருக்கும்மா. வெளியேருந்து கிருமி வந்தா அடிக்கிறது அதோட வேலை. உங்களுக்கு அது உங்க மூட்டையே வேத்தாளுன்னு நினைச்சு அடிக்குது," என்றார்.

"பங்காளித் தகராறா சார்?" என்றேன்.

மாணவர்கள் சிரித்தார்கள். எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. ஒரே ரத்தம், ஒரே பட்டா, நடுவில் ஒரு வரப்பு. அண்ணனே தம்பியை ஆக்கிரமிப்புக்காரன் என்று மனுக் கொடுப்பதை வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன். அதுவே என் விரல் கணுவுக்குள் நடக்கிறது என்றால் எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

"எதனால சார் அது அப்படி நினைக்குது?"

"அது முழுசா இன்னும் யாருக்கும் தெரியலைம்மா. அதுக்குத்தான் ஆராய்ச்சி," என்றார். ஒரு டாக்டர் வாயால் 'தெரியலை' என்று அன்றுதான் கேட்டேன். எங்கள் ஊர் வாசலில் அந்த வார்த்தையைச் சொன்னவர் ஒருத்தர்கூட இல்லை. அவர்மேல் எனக்கு அங்கேயே மரியாதை வந்துவிட்டது. பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் அந்த மரியாதைதான் காரணம்.

இந்த நோய்க்கு ஒரு புது ஊசியை அங்கே ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். என்னைச் சேர்த்துக்கொள்ள முடியும் என்றார்கள். அதைக் கவனிக்க ஒரு ஆராய்ச்சிப் பெண் இருந்தாள். சென்னைக்காரி, நல்ல பிள்ளை, கையில் எப்போதும் ஒரு டேப்லெட். அவள் என் முன்னால் பதினெட்டுப் பக்க ஒப்புதல் படிவத்தை வைத்து, "படிச்சுப் பாத்து சைன் பண்ணுங்கம்மா," என்றாள். மற்றவர்கள் எல்லாம் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் படித்தேன். முப்பது வருடமாகச் செய்கிற தொழில் அது.

முதல் பக்கத்திலேயே எழுதிக் கொடுப்பவர் யார், எழுதி வாங்குபவர் யார் என்று தெளிவில்லை. நாலாம் பக்கத்தில் இது 'இரட்டைக் குருட்டு ஆய்வு' என்று போட்டிருந்தது. "யாருக்கும்மா கண்ணு தெரியாது?" என்று கேட்டேன். யாருக்கு எந்த ஊசி போகிறது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, அதைத்தான் அப்படிச் சொல்கிறோம் என்றாள். ஆறாம் பக்கத்தில் நின்றுவிட்டேன். 'தங்களுக்கு மருந்துப்போலி வழங்கப்படலாம்' என்று எழுதியிருந்தது.

"ஏம்மா, போலியைக் குடுப்போம்னு எழுதியே குடுக்குறீங்களா?"

எங்கள் தொழிலில் போலி என்றால் ஒன்றே ஒன்றுதான். போலிப் பத்திரம். போலீஸ் வரும், உரிமம் போகும். அவள் பொறுமையாக விளக்கினாள். வாரம் ஒரு நாள் விழுங்கும் பழைய மாத்திரை எல்லோருக்கும் உண்டு. அதற்கு மேல் பாதிப் பேருக்குப் புது ஊசி, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் ஊசி. இரண்டையும் ஒப்பிட்டால்தான் புது மருந்து வேலை செய்கிறதா என்று தெரியும். ஐந்து முறை வந்த பிறகும் யாருக்கு முன்னேற்றம் இல்லையோ, அவர்களுக்கு நிஜ ஊசி நிச்சயம்.

நியாயமான ஷரத்தாகத்தான் பட்டது. வெறும் ஊசி விழுந்தாலும் ஐந்து தடவை பொறுத்தால் போதும், கை தேறவில்லை என்றால் நிஜ ஊசி. படிவத்தில் பதினொரு பிழைகளைத் திருத்திக் கொடுத்துவிட்டு, கோணல்மாணலாக இருந்தாலும் வாலை முழுசாக இழுத்துக் கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு தாளில் அதேபோல் கையெழுத்து வேண்டும் என்றாள்.

முன்னேற்றத்தை அளப்பதற்கு மூன்று வழி வைத்திருந்தார்கள். ஒன்று ரத்தம். இரண்டு, மூட்டை அழுத்தி 'வலிக்குதா' என்று கேட்பது. மூன்று, டேப்லெட்டில் இருக்கும் கேள்விகள். எங்கோ குளிர் தேசத்தில் எழுதிய கேள்விகளை யாரோ தமிழ்ப்படுத்தியிருந்தார்கள்.

"உங்களால காருக்குள்ள ஏறி இறங்க முடியுதா?"

"காரு இல்லம்மா. டவுன் பஸ்தான்."

"அதையே போட்டுக்கறேன். ஜாடி மூடியைத் திருகித் திறக்க முடியுதா?"

எங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடிக்கு மூடியைத் துணி போட்டுக் கட்டுவதுதான் வழக்கம். திருகுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஒரு கஷ்டமும் இல்லை என்று சொன்னேன். அவள் அதை ஒரு மதிப்பெண்ணாக ஏற்றிக்கொண்டாள்.

"தொட்டிக்குள்ள இறங்கிக் குளிக்க முடியுதா?"

"தொட்டியில மாடுதாம்மா தண்ணி குடிக்கும்."

"காலைல எந்திரிச்சதும் கை விறைப்பா இருக்குமே, அது எவ்வளவு நேரம் இருக்கும்?"

இந்தக் கேள்விக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு குரல் பதில் சொன்னது. "எனக்குப் பால்காரரு வந்துட்டுப் போற வரைக்கும் இருக்குங்க."

அப்படித்தான் நடவுக்காரம்மா எனக்கு அறிமுகம். என் வயதுதான் இருக்கும். திருவையாற்றுப் பக்கத்துக் கிராமம். சிறு வயது முதல் நாற்றுப் பறிப்பதும் நடுவதும்தான் தொழில். மெஷின் வந்துவிட்ட இந்தக் காலத்திலும் மெஷின் இறங்காத சேற்று வயல்களில் கைநடவுதான். அதற்குப் பத்துப் பெண்கள் கொண்ட ஒரு செட்டில் இவரும் ஒருவர். அதே நோய், அதே ஆராய்ச்சி, அதே ஊசி வரிசை. எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் எல்லாத் தாளிலும் இடதுகைக் கட்டைவிரல் ரேகை. ரேகை வைக்கும்போது அவர் விரலை நிமிர்த்த முடியாமல் ஆராய்ச்சிப் பெண் திண்டாடியதைப் பார்த்து, நான்தான் எழுந்துபோய்ப் பிடித்து வைத்துக் கொடுத்தேன். என் கைக்கு அது பழகிய வேலை.

அவருக்குக் கேள்விகள் புரியாததால் படம் காட்டினார்கள். ஒரு ஓரத்தில் சிரிக்கும் முகம், அப்படியே வாடிக்கொண்டே போய் மறு ஓரத்தில் கண்ணீர் விட்டு அழும் முகம். "இதுல எதும்மா நீங்க?" என்று கேட்டாள் ஆராய்ச்சிப் பெண். நடவுக்காரம்மா எல்லா முகத்தையும் நிதானமாகப் பார்த்து, சிரிக்கும் முகத்தின்மேல் விரலை வைத்தார்.

"இதுதாங்க பாக்க லட்சணமா இருக்கு."

வலியே இல்லை என்று பதிவானது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுத்த மாதமே நானும் அதே காரியத்தை, இன்னும் படித்த பாணியில் செய்யப்போகிறேன் என்று அப்போது தெரியாது.

அடுத்த மாதம் முதல் இப்படித்தான் நடந்தது. பெரிய டாக்டர் வருவார். பின்னால் மாணவர் கூட்டம். என் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பார்த்து, "எப்படிம்மா இருக்கீங்க இப்ப?" என்பார். என் வாய் அதுவாகத் திறக்கும்.

"பரவாயில்லைங்க சார்."

இந்த வார்த்தையைப் பற்றி நான் கொஞ்சம் சொல்ல வேண்டும். பஸ்ஸில் ஒருத்தர் நம் காலை மிதித்தால் பரவாயில்லை என்கிறோம். கல்யாண வீட்டில் சாம்பார் எப்படி என்று கேட்டால், அது வாயில் வைக்க முடியாமல் இருக்கும்போதும் பரவாயில்லை என்கிறோம். கதிர் முற்றும் நேரத்தில் மழை பெய்து நெல் தண்ணீரில் படுத்துவிட்டால், விசாரிக்க வந்தவரிடம் வரப்பில் நின்றுகொண்டு அதே வார்த்தையைத்தான் சொல்கிறோம். உருதுவில் 'பர்வா' என்றால் கவலையாம். ஷரத்து, ஜப்தி, ரத்து, வாரிசு எல்லாம் வந்த அதே வழியில் வந்த வார்த்தைதான் இதுவும் என்று ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். ஷரத்துக்கும் ஜப்திக்கும் பத்திரத்தில் இடம் உண்டு. பரவாயில்லை என்று எழுதிய பத்திரத்தை நான் பார்த்ததில்லை. நாலு பக்கமும் எல்லை சொல்ல முடியாத வார்த்தை அது.

எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: 'நீங்கள் கேட்டதே போதும், உங்களுக்கு மேலும் தொந்தரவு வேண்டாம்.' சென்னைக்காரியின் டேப்லெட்டில் அதற்கு வேறு அர்த்தம்: 'முன்னேற்றம் உண்டு.'

எனக்குத் தெரியாமலா சொன்னேன்? தெரிந்துதான் சொன்னேன். அவ்வளவு பெரிய மனிதர், கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார். சுற்றி அவருடைய மாணவர்கள் நிற்கிறார்கள். அவர்கள் முன்னால் 'உங்கள் மருந்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை' என்று எப்படிச் சொல்வது? விருந்துக்குப் போன வீட்டில் இலையை மூடும்போது சாப்பாட்டைக் குறை சொல்கிற மாதிரி அல்லவா அது? போதாததற்கு, தஞ்சாவூர் போகிற அன்று மட்டும் காலையில் குளித்து, நல்ல புடவை கட்டி, பூ வைத்து, மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய வலி மாத்திரை இரண்டை விழுங்கிவிட்டுத்தான் கிளம்புவேன். டாக்டரைப் பார்க்கப் போகிறோம், இடிந்துபோன முகத்தோடா போவது? பஸ் பிடித்துப் போய், வரிசையில் உட்கார்ந்து, என் முறை வரும்போது மதியம் ஆகிவிடும். கை இளகியிருக்கும். அழுத்திப் பார்த்தால் வலி கொஞ்சம்தான் தெரியும். அந்தக் கொஞ்சத்தையும் நான் முகத்தில் காட்ட மாட்டேன்.

ரத்தத்தில் வீக்கத்தைக் காட்டும் எண் மட்டும் இறங்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டேதான் போனது. ரத்தத்துக்கு மரியாதை தெரியாது. ஆனால் மூன்றில் இரண்டு நன்றாக இருந்ததால் கணக்கில் நான் தேறிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் நிலைமை வேறு. சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டேன். காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தேன். ரவிக்கைக்குக் கொக்கி மாட்ட வராமல் ஒரு நாள் குளியலறையிலேயே உட்கார்ந்து அழுதேன். அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர்தான் மாட்டிவிட்டார். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு, வாய்க்காலில் தூண்டில் போடுகிறவர் மாதிரி மூச்சை அடக்கி ஒவ்வொன்றாக மாட்டுவார். முப்பது வருடத்தில் நாங்கள் அவ்வளவு நேரம் சேர்ந்து நின்றதில்லை. பதிவு அலுவலகத்தில் ஒரு நாள் சார்பதிவாளர் என் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்து, "என்னம்மா, ஆபீஸ்ல இருக்குற மாதிரிக் கையெழுத்தோட இது ஒத்துப்போகலையே," என்றார். மூன்று தடவை போட்ட பிறகு தலையை ஆட்டி வாங்கிக்கொண்டார். முப்பது வருடமாக எத்தனையோ கட்டைவிரல்களை மையில் அழுத்தியிருக்கிறேன். அந்த வரிசையில் என் விரலும் சேரப்போகிறதா?

இருந்தும் அடுத்த வாரம் தஞ்சாவூர் போய், ஐந்தாவது முறையாக, பூவும் புடவையுமாக உட்கார்ந்து, "பரவாயில்லைங்க சார்," என்றேன். என்னைப் போல ஒரு முட்டாளை எங்கே தேடினாலும் கிடைக்காது.

ஊருக்குத் திரும்பி நாலு நாள்கூட ஆகவில்லை, ஆராய்ச்சிப் பெண் போன் செய்தாள். குரல் பதற்றமாக இருந்தது. தாள்களைச் சரிபார்க்கக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்திருக்கிறாராம். என் கையெழுத்துகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லையாம். வேறு வேறு ஆட்கள் வந்து போனார்களோ என்று சந்தேகமாம்.

"ஆதார் கார்டை எடுத்துக்கிட்டு நாளைக்கே வர முடியுமாம்மா?"

ஆள்மாறாட்டம்! பதிவு அலுவலகத்தில் ஆள்மாறாட்டம் செய்தவர்களை நானே பிடித்துக் கொடுத்திருக்கிறேன். பக்கத்து ஊர்க்காரனைச் செத்துப்போன அண்ணன் என்று கூட்டி வந்தவனை, காதில் கடுக்கன் துளை இல்லாததை வைத்துக் கண்டுபிடித்தவள் நான். என்னைப் பார்த்து அந்தக் கேள்வி. கோபத்தில் வலி மாத்திரை போட மறந்து, பூ வைக்க மறந்து, முதல் பஸ்ஸைப் பிடித்து, காலை எட்டு மணிக்கெல்லாம் போய் நின்றேன்.

கம்பெனிக்காரர் பெங்களூர்க்காரர், டை கட்டியிருந்தார். ஐந்து தாளையும் மேஜையில் வரிசையாக வைத்தார். நான் பேச வாயெடுத்தேன். அதற்குள் பெரிய டாக்டர் மாணவர்களோடு வந்துவிட்டார். அவர் யாரிடமும் எதுவும் கேட்காமல் குனிந்து தாள்களைப் பார்த்தார். நானும் அப்போதுதான் ஐந்தையும் சேர்த்துப் பார்த்தேன்.

முதல் தாளில் வால் முழுசாக இருந்தது. இரண்டாவதில் பாதியில் நின்றது. மூன்றாவதில் வாலே இல்லை. நாலாவதில் எழுத்துகள் தனித்தனியாக விலகிக் கிடந்தன. ஐந்தாவதில் இருந்தது கோழிக் கிறுக்கல்.

டாக்டர் நிமிர்ந்து என் கையை வாங்கிப் பார்த்தார். காலை எட்டு மணிக் கை. வீங்கி, சிவந்து, பாதி மடங்கிய கை. அவர் அதை அழுத்தவில்லை. எப்படி இருக்கீங்க என்றும் கேட்கவில்லை.

"காலைல ரவிக்கைக் கொக்கியை யாரும்மா மாட்டி விடுறாங்க?"

அந்தக் கேள்விக்குப் பரவாயில்லை என்று பதில் சொல்ல முடியாது. "எங்க வீட்டுக்காரர்தான் சார்," என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. டை கட்டியவர் முன்னால், மாணவர்கள் முன்னால், மூக்கை உறிஞ்சிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். வலி மாத்திரையைச் சொன்னேன், கரண்டியைச் சொன்னேன், சார்பதிவாளர் திருப்பிக் கொடுத்ததைச் சொன்னேன். டாக்டருக்குக் கோபம் வந்தது.

"அஞ்சு மாசமா என்கிட்ட ஏம்மா நல்லாருக்குன்னு சொன்னீங்க?"

"நல்லாருக்குன்னு சொல்லலை சார். பரவாயில்லைன்னுதான் சொன்னேன்."

அவர் தஞ்சாவூர்க்காரர்தான். என்னைப் பார்த்தார், பிறகு சென்னைக்காரியைப் பார்த்தார், பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கோழிக் கிறுக்கலுக்குப் பக்கத்தில், குறிப்பு எழுதும் இடத்தில், 'முன்னேற்றம் இல்லை' என்று தன் கையால் எழுதினார். பரீட்சையில் தோற்றதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நிஜ ஊசி தொடங்கியது. சம்பா நடவு முடிந்த சமயம் தொடங்கி, அறுவடைக்குள் என் பேனா மூடி கழன்றது. எல்லாம் சரியாகிவிடவில்லை. வலது நடுவிரல் இன்னும் முழுசாக மடங்காது, மழைக்காலத்தில் மணிக்கட்டு முனகும். ஆனால் கொக்கியை நானே மாட்டிக்கொண்டேன். என் வீட்டுக்காரருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான் என்று நினைக்கிறேன். கையெழுத்தில் வால் பாதி வரை திரும்பி வந்தது.

அப்புறம்தான் நடவுக்காரம்மா நினைவு வந்து உறுத்தியது. ஒரு முறை வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்தபோது அவர் கையைப் பார்த்தேன். என் பழைய கையைவிட மோசமாக இருந்தது. விரல்கள் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தன. ஆராய்ச்சிப் பெண்ணிடம் போய்ச் சொன்னேன்.

"அவங்க ஸ்கோர் நல்லாருக்கேம்மா," என்று டேப்லெட்டைக் காட்டினாள். எல்லா மாதமும் சிரித்த முகம். எல்லா மாதமும் பரவாயில்லைங்க.

அவருடைய தாள்களையும் காட்டினாள். எல்லாவற்றிலும் கட்டைவிரல் ரேகை. முதல் மாதம் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது கடைசி மாதமும். என் கை போனபோது கையெழுத்து காட்டிக்கொடுத்தது. ரேகை எதையும் காட்டிக்கொடுக்காது. கை முழுசாக முடங்கினாலும் ரேகை மாறாது. அதனால்தானே எங்கள் தொழிலில் அதை அவ்வளவு நம்புகிறோம்.

"அவங்க வாயால சொல்லணும்மா, இல்லேன்னா எழுதிக் குடுக்கணும். நாமளா எதுவும் போட முடியாது," என்றாள் அவள்.

"அப்ப ஒரு வெள்ளைத்தாள் குடு," என்றேன்.

நடவுக்காரம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். காரைப் பற்றியும் ஜாடியைப் பற்றியும் நான் கேட்கவில்லை.

"நாத்துப் பறிக்க முடியுதாங்க?"

"முன்ன மாதிரி இல்லைங்கக்கா."

"முடி கட்ட வருதா?"

நாற்றைக் கைப்பிடியாகச் சேர்த்து, ஒரு நாற்றாலேயே சுற்றிக் கட்டுவதுதான் முடி. அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். "பிடி நிக்க மாட்டேங்குது. கட்டறதுக்குள்ள நழுவிடுது."

"நடவுல வரிசைக்கு வரிசை போக முடியுதா?"

"பக்கத்து ஆளுதான் என் பங்கையும் சேத்து நடும். எத்தனை நாளைக்குங்க நடும்? இந்தத் தாளடி நடவுக்கு என்னை வேணாம்னுட்டாங்க." இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். அந்தப் படத்தில் இருந்த அதே லட்சணமான சிரிப்பு.

எழுதினேன். எனக்குத் தெரிந்த ஒரே பாணியில் எழுதினேன். 'என் சுய நினைவுடனும் பிறர் தூண்டுதல் இன்றியும் எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம் என்னவென்றால்' என்று தொடங்கி, முடி கட்ட வராததையும், வரிசை பின்தங்குவதையும், தாளடிக்குக் கூப்பிடாமல் விட்டதையும், மகள் தலை வாரிவிடுவதையும் ஒன்றுவிடாமல் எழுதினேன். டாக்டர் கேட்கும்போது பரவாயில்லை என்று சொன்னது மரியாதைக்காகவே தவிர உடம்பு தேறியதற்காக அல்ல என்றும் எழுதினேன். என் விரலும் கூடவே வலித்தது. வலிக்கட்டும் என்று எழுதினேன்.

ரேகை வைப்பவருக்குப் பத்திரத்தைப் படித்துக் காட்ட வேண்டும், அதுதான் முறை. படித்துக் காட்டினேன். அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு, வேறு யாருடைய கதையையோ கேட்பதுபோல் கேட்டார். நடுவில் ஒரு இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரியா இருக்காங்க?"

"எல்லாம் சரிங்கக்கா. நடந்தது அம்புட்டும் இருக்கு." கொஞ்சம் தயங்கினார். "கடைசியில மட்டும் 'மத்தபடி பரவாயில்லைங்க'ன்னு ஒரு வார்த்தை போட்டுடுங்க. எவ்வளவு நல்ல மனுசன். நம்மளால அவரு மனசு கஷ்டப்படக் கூடாது."

எழுதிக் கொடுப்பவர் சொன்ன வார்த்தை எதையும் முப்பது வருடத்தில் நான் விட்டதில்லை. கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. பேனாவைத் தாளின்மேல் கொண்டுபோனேன். அந்த வார்த்தை விழவேண்டிய இடத்தில் ஒரு முற்றுப்புள்ளி மட்டும் வைத்தேன்.

"போட்டாச்சுங்களா?"

"போட்டாச்சுங்க," என்றேன்.

அவர் கட்டைவிரலை நானே நிமிர்த்தி, மையில் அழுத்தி, தாளில் வைத்தேன். கீழே 'எழுதியவர்' என்று போட்டு, வலித்தாலும் விடாமல் வாலை முழுசாக இழுத்துக் கையெழுத்துப் போட்டேன். அந்த மாதமே அவருக்கு நிஜ ஊசி தொடங்கினார்கள். இத்தனை வருடத்தில் நான் எழுதிய ஒரே போலிப் பத்திரம் அதுதான்.